வேட்டியில் வரைந்த உடம்பு

புளியங்கூடல்
19.05.2024

இரஞ்சிதத்துக்கு,

சொல்வது நான். எழுதுவது பக்கத்து வளவு லோஜனா. நான் வாயால் சொல்வதை அவள் புத்தகத் தமிழாக மாற்றித்தான் எழுதுவாளாம். ஏ.எல். உயர்தர வகுப்புப் படிக்கிற பிள்ளைக்குக் கை அப்படித்தான் போகுமாம். ஆகவே சொற்கள் பெரிதாக இருந்தால் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இடது காது தொண்ணூறில் ஷெல் விழுந்த அன்றே போய்விட்டது. வலது காதில் போனை அழுத்திப் பிடித்தாலும் உன் குரல் தகரத்தில் மழை பெய்கிற மாதிரித்தான் இருக்கிறது. போன மாதம் நீ நெடுநேரம் ஏதோ சொன்னாய். நான் "ஓம், ஓம்" என்றேன். எதற்கு ஓம் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஓடு மாற்றுகிறார்கள். அதனால் சனிக்கிழமை வகுப்பு நம் முற்றத்து வேம்பின் கீழ் நடக்கிறது. ரீச்சர் ஒரு புது முறை கொண்டுவந்திருக்கிறா. ஏ.எல். பிள்ளைகள்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனித உடம்பைப் படிப்பிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு தொகுதி. லோஜனாவுக்கு இரத்தம். றெக்ஷனுக்குச் சமிபாடு. றொஜனுக்கு மூளையும் நரம்பும் காதும். ரீச்சர் ஓர் ஓரத்தில் கதிரை போட்டு இருந்து வாயே திறக்க மாட்டா.

போன கிழமை றெக்ஷன் நம் கிணற்றுக் கயிற்றைக் கேட்டு வாங்கினான். ஆறு மீற்றர் அளந்து, அதைச் சின்னப் பிள்ளைகளின் கைகளில் கொடுத்து வேம்பைச் சுற்றி நிற்க வைத்தான்.

"இதுதான் சிறுகுடல். காலமை திண்ட புட்டு இதுக்குள்ளாலைதான் போகும்."

நிலக்சனா என்று ஒரு குட்டி. "இவ்வளவும் அப்புவின்ர வயித்துக்கையோ?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

"உன்ர வயித்துக்கையும் இருக்கு."

அவள் சட்டையைத் தூக்கித் தன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு கயிற்றைப் பார்த்தாள். "பொய்," என்றாள்.

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நான் தனியாகச் சிரித்தேன். தனியாகச் சிரித்தால் வாய் சீக்கிரம் மூடிக்கொள்கிறது.

மாடு நன்றாகக் கறக்கிறது. வேறென்ன.

மயில்வாகனம்


நெடுந்தீவு
27.05.2024

கோசலாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டு தந்தார். இந்த வயதில் எனக்குக் கடிதம் வருவது அவருக்குப் புதினம்.

எதற்கு ஓம் சொன்னீர்கள் என்று தெரியாதாம். நான் சொல்கிறேன். "என்னில இன்னும் கோபமோ?" என்று கேட்டேன். "ஓம், ஓம்" என்றீர்கள். இரண்டு தரம். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அன்னபூரணத்துக்கு வலது கையும் காலும் அப்படியேதான். பாரிசவாதம் வந்தவளைத் தூக்கி இருத்தவும் குளிக்க வார்க்கவும் என்னை விட்டால் யார்? அவளின் மகன் பாரிசில். கூடப்பிறந்தவள் நான் ஒருத்தி. இதைச் சொல்லித்தான் தை மாதம் புறப்பட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அந்த வீட்டுக்குப் போனா இந்தப் படலை உனக்குத் திறவாது." நான் மறந்திருப்பேன் என்று நினைக்க வேண்டாம். ஞாபகம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

ஒரு நாள் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகலாம். படகுதானே. ஆனால் வரமாட்டீர்கள். அவளின் புருஷன், அத்தானோடு உங்களுக்கு இருந்த கோபம் அந்த மனிதன் செத்து ஒன்பது வருடமாகியும் சாகவில்லை. உங்களுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் தலைக்குள் எழுதி வைத்திருக்கிறீர்கள். தலைக்குள் எழுதியதை அழிக்க இறேசர் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

பாலை வீணாக்காதீர்கள். அந்த வயிற்றைப் பார்த்த பிள்ளைக்குக் கொடுங்கள். இரவில் காதுக்குத் துணி சுற்றிக்கொண்டு படுங்கள், காற்றுக்காலம்.

இரஞ்சிதம்


புளியங்கூடல்
08.06.2024

இரஞ்சிதத்துக்கு,

நிலக்சனாவுக்குப் பால் கொடுத்தேன். ஆடை பிடிக்காதாம். எடுத்துவிட்டுக் கொடுத்தேன்.

அத்தான் கதையை நீ எழுப்பியதால் சொல்கிறேன். எண்பத்திரண்டாம் ஆண்டு ஆவணி. உன் அத்தான் தம்பிராசா அந்த வீட்டுக்குக் குடிபுகுந்த நாள். நான் இருந்தது தேக்கங்கதிரை, இடது கைப்பிடியில் ஒரு வெடிப்பு. அவன் பச்சைக்கரை வேட்டி கட்டியிருந்தான். பள்ளிக்கூட அதிபர் வந்ததும் என்னைப் பார்த்து, "கைநாட்டுக்காரனுக்கு முன்வரிசைக் கதிரை என்னத்துக்கு? எழும்பும்," என்றான். இருந்தவர்கள் சிரித்தார்கள். யார் யார் என்று வரிசையாகச் சொல்வேன். நீ குசினியில் அடுப்போடு நின்றாய். இதை அழிக்க இறேசர் வேண்டுமென்று நான் யாரையும் கேட்கவில்லை.

சரி, அதை விடு. இன்று நடந்த புதினத்தைச் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஆளளவு உடம்புப் படம் ஒன்று தேவைப்பட்டது. கடதாசி ஒட்டிப் பார்த்தார்கள், மணலில் கிழிந்தது. நான் அலுமாரியிலிருந்து பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதை மடித்து இரட்டையாக விரித்தார்கள். ஆளுக்கு எங்கே போவது? "அப்பு, நீங்கள்தான் படுக்கோணும்," என்றாள் லோஜனா. படுத்தேன். றெக்ஷன் பெரிய கறுப்புப் பேனையால் என்னைச் சுற்றி வரைந்தான். என் பாதங்கள் இரண்டும் வெளியே சாய்ந்து சாய்ந்து விழுந்தன. அசையாமல் நிற்கட்டும் என்று பெருவிரல் இரண்டையும் நூலால் சேர்த்துக் கட்டிவிட்டான். எனக்குச் சிரிப்பு. இந்தக் காலத்தில் செத்தவர்களைப் பெட்டியில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கால்விரல் எப்போது கட்டுவது என்று இந்தப் பிள்ளைகள் எங்கே கண்டார்கள்? வரைந்து முடியும்வரை மூச்சைக்கூட மெதுவாக விடச் சொன்னான். நானும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். சின்னதுகள் சுற்றிவரச் சத்தம் போடாமல் நின்றன.

பிறகு உள்ளுறுப்புகளைத் துணியில் வெட்டி ஊசி குத்தினார்கள். லோஜனா இதயத்தை வைத்துவிட்டு, "இதாலை போற இரத்தம் முழுக்க உடம்பைச் சுத்திப்போட்டுத் திரும்பி இதுக்குத்தான் வரும்," என்றாள். நிலக்சனா, "வராட்டி?" என்று கேட்டாள். "வராட்டி ஆள் இல்லை," என்றாள் லோஜனா. அதை இங்கே எழுதச் சொன்னால் வெட்கப்படுகிறாள்.

றொஜன், காதுக்குள் ஒரு நத்தைச்சுருள் இருக்கிறது என்றான். நத்தை கடிக்குமோ என்று ஒரு பெடியன் அழுதுவிட்டான்.

நான் கிடந்தபோது ஐயாத்துரை சைக்கிளில் வந்து படலையில் நின்றானாம். கூப்பிட்டானாம். எனக்குக் கேட்கவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய்விட்டானாம். வெங்காயம் ஏற்றிக்கொண்டு நெடுந்தீவுப் படகுக்குப் போகிற அவசரமாக்கும்.

மயில்வாகனம்


நெடுந்தீவு
10.06.2024

கோசலாவின் அப்பாவுக்கு,

உயிரோடு இருக்கிறீர்கள் என்று அறிந்தேன். நல்லது.

சனிக்கிழமை பின்னேரம் ஐயாத்துரை வெங்காய மூட்டையை இறக்காமலே நேரே இங்கே வந்தான். "அக்கா, அண்ணை போயிட்டார். முத்தத்திலை வெள்ளை விரிச்சுக் கிடத்தியிருக்கு. கால்விரல் கட்டியாச்சு. பள்ளிக்கூடப் பிள்ளையள் சுத்தி நிக்குதுகள். நான் என்ர கண்ணாலை கண்டனான்." இப்படிச் சொன்னான்.

உங்கள் போனுக்கு எடுத்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. செத்தவரின் போன் அப்படித்தான் அடிக்கும் என்று நினைத்தேன். கோசலாவுக்குச் சொல்லவில்லை. என் கண்ணால் பார்க்காமல் அவளுக்கு என்ன சொல்வது? கடைசிப் படகு போய்விட்டது. விடியும்வரை அன்னம் தன் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அவளும் அழுதாள். உங்களுக்காக.

விடியப் படகில் வந்தேன். ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் அன்னத்தின் செருப்பு. குறிகட்டுவானில் இறங்கி பஸ்ஸில் ஏறப் போனேன். கொண்டக்ரர் பெடியன் கேட்டான்: "என்னம்மா, அழுதுகொண்டு வாறியள்?" சொன்னேன். அவன் திகைத்துப்போய், "மயில்வாகனம் அப்புவோ? இப்ப வரேக்கை சந்தியிலை கண்டனான். மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கி, விலை கூடவெண்டு கடைக்காரனோடை சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டவர்," என்றான்.

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யார் யார் என்று, நீங்கள் எப்போதும் சொல்வது போல, நானும் வரிசையாகச் சொல்வேன்.

தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தேன். சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அழுத கண்ணைத் துடைத்துவிட்டு, வந்த படகிலேயே திரும்பினேன்.

ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். படலை திறவாது என்றவர் நீங்கள். செத்தால்தான் வருவாள் என்று நினைத்து இந்தக் கூத்தை ஆடினீர்களோ? ஐயாத்துரையையும் சேர்த்துக்கொண்டீர்களோ? ஆடியிருந்தால் வெற்றிதான். ஓடி வந்தேனே. இனி வேறு யார் வந்து என்ன சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை.

இரஞ்சிதம்


புளியங்கூடல்
18.06.2024

இரஞ்சிதத்துக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் கடலில் எதிரெதிராகப் போயிருக்கின்றன. இதற்குள் என் கடிதம் கிடைத்திருக்கும். அதைப் படித்தால் என்ன நடந்தது என்று உனக்கே விளங்கும். நான் கூத்தாடவில்லை. படுக்கச் சொன்னார்கள், படுத்தேன்.

உன் கடிதத்தை லோஜனா வாசித்தாள். செருப்பு வந்த இடத்தில் நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினாள். பிறகு றெக்ஷனைக் கூட்டிவந்தாள். "அப்பு, கால் கட்டினது என்ர பிழை. எனக்குத் தெரியாது. அம்மம்மாவுக்கு நானே எழுதட்டோ?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை.

ஐயாத்துரையைச் சந்தியில் பிடித்தேன். "ஏன்டா, கிட்ட வந்து மூக்கிலை கை வைச்சுப் பாத்தியோ?" என்றேன். "பிரேதத்தின்ர மூக்கிலை ஆரண்ணை கை வைப்பினம்?" என்கிறான். பிறகு, "அண்ணை, நான் அழுதனான், தெரியுமோ?" என்று அதற்கும் என்னையே குற்றம் சொல்கிறான்.

நீ குறிகட்டுவான் வரைக்கும் வந்திருக்கிறாய். நான் புண்ணாக்கு விலை பேசிக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த பஸ் சந்தியில் என்னைத் தாண்டித்தான் இறங்குதுறைக்குப் போயிருக்கிறது. நான் அதில் ஏறியிருந்தால் உன்னை அந்த வாங்கிலேயே கண்டிருப்பேன். இதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். புண்ணாக்குக்காரனை ஏசுகிறேன்.

படலையைக் கழற்றி வேலியோடு சாத்திவிட்டேன். திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. மாடு இரண்டு தரம் சந்திவரை போய்விட்டது. பிடித்து வர நிலக்சனாவின் கூட்டம் இருக்கிறது.

இன்னொன்று. ரீச்சர் இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை ஏ.எல். பிள்ளைகளை நெடுந்தீவுக்குக் கூட்டி வருகிறா. அங்குள்ள பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளுக்கும் படிப்பிக்கப் போகிறார்கள். என் வேட்டியையும் கொண்டு வருகிறார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். வரவில்லை என்றேன். உன்னைப் பார்க்க விருப்பமில்லாமல் இல்லை. அந்த வீட்டு வாசலில் காலை வைத்தால் "எழும்பும்" என்ற சத்தம் கேட்கும். கேளாத காதிலும் அது மட்டும் கேட்கிறது. நான் என்ன செய்ய?

போய்ப் பார். படமாவது வந்திருக்கும்.

மயில்வாகனம்


நெடுந்தீவு
30.06.2024

கோசலாவின் அப்பாவுக்கு,

நேற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அன்னத்தைப் பக்கத்து வீட்டுத் தர்சனாவிடம் விட்டுவிட்டுப் போனேன்.

மண்டபத்து நிலத்தில் உங்களை விரித்திருந்தார்கள். யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. இடது தோள் தாழ்ந்திருந்தது. பனையிலிருந்து விழுந்து நிமிராமல் போன சின்னவிரல் கோட்டிலும் வளைந்தே இருந்தது. கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டேன். பிறகு கிட்டப் போய்ப் பார்த்தால், வயிற்றின் வலது பக்கத்தில் என் மெறூன் சட்டை! கோசலாவின் கலியாணத்துக்குத் தைத்த சட்டை!

"இது என்ன பிள்ளை?" என்றேன்.

"கல்லீரல், அம்மம்மா. அப்பு அலுமாரியிலை இருந்து தந்தவர்," என்றாள் லோஜனா.

என்னைக் கேட்காமல் என் சட்டையை ஈரலாக்கியிருக்கிறீர்கள். இதை அந்த நீண்ட கடிதத்தில் எழுதவில்லையே, ஏன்? வந்து பதில் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் நன்றாகத்தான் படிப்பிக்கிறார்கள். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு வந்தால் உடம்பின் வலது பக்கம் சொல் கேளாது என்று றொஜன் விளங்கப்படுத்தினான். இவ்வளவு நாளும் டொக்ரர்மார் இங்கிலீசில் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து அன்னத்துக்குச் சொன்னேன். "அப்ப கையிலை பிழையில்லையோ?" என்று கேட்டாள். அந்தக் கையை அவள் எத்தனை தரம் ஏசியிருக்கிறாள் தெரியுமா?

பிறகு ஒரு பிரச்சினை வந்தது. எங்கள் ஊர்ப் பெட்டைகள், "ஆம்பிளையின்ர உடம்புதானே இருக்கு, எங்கட எங்கை?" என்று கேட்டார்கள். ரீச்சர் சிரித்துவிட்டு, பொம்பிளை ஆர் படுப்பினம் என்று கேட்டா. தாய்மார் ஒருவரும் அசையவில்லை. "உங்கட பிள்ளையள் கால்விரல் கட்டாட்டி நான் படுக்கிறன்," என்றேன். றெக்ஷன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பாவம்.

வீட்டிலிருந்து அன்னத்தின் பூப்போட்ட படுக்கை விரிப்பை எடுத்துவரச் செய்தேன். றெக்ஷன் அதைக் கொண்டுபோய் உங்கள் இடது பக்கத்தில் விரித்தான். நான், "இல்லை மோனே, மற்றப் பக்கம்," என்றேன்.

"ஏன் அம்மம்மா? ரெண்டும் ஒண்டுதானே."

"அவருக்கு இந்தப் பக்கக் காது கேளாது."

பெட்டைகள் சிரித்தார்கள். லோஜனாவும் சிரித்தாள். பிறகு அவள் மட்டும் நிறுத்திவிட்டு, விரிப்பைத் தானே தூக்கி உங்கள் வலது பக்கத்தில் போட்டாள். சுருக்கமெல்லாம் நீவிவிட்டாள்.

படுத்தேன். மண்டபத்து நிலம் குளிர்ந்தது. ஓட்டுக்குள் ஒரு புறா நடந்து திரிந்தது. பேனை என் தலைமுடியில் தொடங்கி, காது, தோள், கை என்று மெல்லக் கீழே இறங்கியது. தையிலிருந்து இந்த உடம்பு அன்னத்தைத் தூக்கவும் இருத்தவும்தான் இருந்தது. என்னை ஒருவர் இவ்வளவு கவனமாகச் சுற்றி வருவது எவ்வளவு காலத்துக்குப் பிறகு! கழுத்தை அசைக்க வேண்டாம் என்றார்கள். கண்ணை மட்டும் திருப்பினேன். உங்கள் வேட்டிக் கரை தெரிந்தது. காது இருக்கிற இடமும் தெரிந்தது.

அப்போது ஒன்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். இரவில் பாயில் சொல்கிற மாதிரி. சின்னப் பிள்ளைகள், "அம்மம்மா கதைக்கிறா," என்று கத்தினார்கள். என்ன சொன்னேன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

அன்னத்தை விட்டு வர எனக்கு ஏலாது. அது உங்களுக்குத் தெரியும். இனி அதைப் பற்றிக் கதை இல்லை. அந்தத் தேக்கங்கதிரை இன்னும் இருக்கிறது. அன்னத்தின் மருந்துப் போத்தல்களை அதில்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். கைப்பிடி வெடிப்பும் அப்படியே. அதில் இருந்து ஒருவரையும் எழும்பச் சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை. இருக்கிற ஒருத்திக்கு, நீங்கள் செத்தீர்கள் என்றதும் அழத்தான் தெரிந்தது.

இரண்டு படத்தையும் இங்குள்ள பள்ளிக்கூடமே வைத்துக்கொள்ளட்டும் என்று ரீச்சர் கொடுத்துவிட்டா. சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகிறோம்.

நான் சொன்னது உங்களுக்குக் கேட்டிருந்தால் எழுதுங்கள்.

இரஞ்சிதம்


புளியங்கூடல்
05.07.2024

இரஞ்சிதத்துக்கு,

கேட்டது.

வாற புதன்கிழமை காலைப் படகில் வருகிறேன். மாட்டை லோஜனாவின் தாய் பார்ப்பா. படலையைத் திரும்பவும் கொளுவச் சொல்லியிருக்கிறேன், நமக்காக இல்லை, மாட்டுக்காக. எத்தனை நாள் நிற்பேன் என்று கேளாதே. உடுப்பு எல்லாவற்றையும் கட்டிவிட்டேன், பை ஒன்று போதவில்லை.

கதிரையிலிருந்து மருந்துப் போத்தல்களை எடுக்க வேண்டாம். அன்னத்தின் மருந்து அங்கேயே இருக்கட்டும். நான் அவள் கட்டிலுக்குக் கிட்ட நிலத்தில் இருந்துகொள்வேன். வலது கை சொல் கேளாதவளும் இடது காது கேளாதவனும் கதைப்பதற்கு அது வசதியான இடம்தான்.

மெறூன் சட்டை என் பிழை. சிவப்புத் துணி இதயத்துக்கு முடிந்துவிட்டது, ஈரலுக்கு என்ன செய்வது என்று பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அலுமாரியைத் திறந்தேன். கைக்கு முதலில் வந்தது அது. அது மேலேதான் இருந்தது. ஏன் மேலே இருந்தது என்று கேளாதே. லோஜனா எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அன்னத்தின் மற்றச் செருப்பைக் கொண்டு வரவோ என்று யோசித்தேன். பிறகுதான் நினைவு வந்தது, நீ இங்கே வந்து சேரவேயில்லை, செருப்பு இரண்டும் அங்கேதான் இருக்கும். பார், எனக்கும் மறதி வருகிறது.

இறங்குதுறைக்கு வா. ஐயாத்துரையும் அதே படகில்தான் வெங்காயம் கொண்டு வருகிறான். அவன் எனக்கு முதல் இறங்கி ஓடி வந்து என்ன சொன்னாலும் நம்பாதே. திரும்பிப் போகாமல் அங்கேயே நில்.

மயில்வாகனம்